கல்லைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பேருந்து நிலையங்களை ஒட்டிய மாலை நேரத் தள்ளுவண்டிக் கடைகளில் சாப்பிட அமரும்போது, என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன் அடுப்பின் மேலிருக்கும் கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு, அதில் அப்போது எது வெந்துகொண்டிருக்கிறதோ அதையே கேளுங்கள். காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

இத்தகைய கடைகளில் பெரும்பாலும் ஒரே கல்தான் இருக்கும். பரோட்டா போட்ட சூட்டிலேயே தோசை ஊற்றினால், மாவு பரவாமல் கரண்டியோடு திரண்டு வந்துவிடும் என்பதால், மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, சூட்டைத் தணித்து, துடைத்த பிறகே தோசைக்கு மாறுவார். கொத்து பரோட்டா என்றால் கல் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும். முடிந்ததும் ஒட்டியிருக்கும் முட்டையையும் வெங்காயத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆகவே, கல்லில் தண்ணீர் தெளிக்கும் 'சுர்' என்ற ஓசை கேட்டால், தோசை கேட்பதற்கு அதைவிட நல்ல தருணம் இல்லை. சேலத்துக்கோ பெங்களூருக்கோ அடுத்த பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்தச் சில நிமிடங்கள் மிகவும் முக்கியமானவை. கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் பண்டம் சூடாகவும் இருக்கும்.

தோசைக்கும் பரோட்டாவுக்கும் தனித்தனிக் கல் வைத்திருக்கும் கடைகளில் இது பொருந்தாது. பரோட்டாவை முன்பே போட்டு அடுக்கி வைத்திருந்தாலும் பொருந்தாது. அங்கே மீண்டும் சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்பதே நல்லது.