பிரவுசிங் சென்டர் பயோடேட்டா ஆன்லைனில் எடுபடாது: வேலூர்ப் பக்கத்திலிருந்து விண்ணப்பிப்பவர்கள் ரெஸ்யூமை எப்படித் திருத்துவது?

ஆற்காட்டிலோ காட்பாடியிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் போய் "அண்ணா, ஒரு ரெஸ்யூம் போட்டுக் கொடுங்க" என்றால் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். சுற்றிலும் பார்டர், வலது மூலையில் போட்டோ, அப்பா பெயர், மதம், சாதி, கடைசியில் ஓர் உறுதிமொழி. சிப்காட்டில் கேட் கேட்டாகப் போய்க் கொடுப்பதற்கு அது ஓடும். ஆன்லைனில் அதையே ஏற்றினால் பல நேரம் யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

காரணம் இதுதான். நீங்கள் ஏற்றும் ஃபைலைப் பெரும்பாலும் முதலில் ஒரு மென்பொருள் படித்து, பெயர், போன், படிப்பு, அனுபவம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் ஹெச்ஆர் அதில் "டேலி", "ஜிஎஸ்டி", "காட்பாடி" என்று தட்டித் தேடுவார். அந்தச் சொல் உங்கள் ரெஸ்யூமில் இல்லை என்றாலோ, இருந்தும் மென்பொருளால் படிக்க முடியவில்லை என்றாலோ, தேடலில் உங்கள் பெயர் வராது.

படிக்க முடிகிறதா என்று நீங்களே சோதிக்கலாம். பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அது போனில் ஸ்கேன் செய்த வெறும் படம். வரிகள் முன்னும் பின்னுமாகக் கலந்து வந்தால், டேபிளோ இரண்டு பத்தி டிசைனோதான் காரணம். போன் நம்பரை வேர்டின் ஹெடருக்குள் (பக்கத்தின் மேல் ஓரப் பகுதி) வைத்திருந்தால் சில மென்பொருள்கள் அதைப் படிக்காமல் விடலாம், வெளியே இறக்குங்கள். ஏ4, ஒரே பத்தி, எழுத்து அளவு 11, தலைப்புக்கு 13, ஓரம் 2 செ.மீ. இது போதும். "டேலி 80%" என்று கலர் பட்டை போடுவதை எடுத்துவிடுங்கள். அந்த 80 எதை அளந்தது என்று யாருக்கும் தெரியாது. மதம், சாதி, அப்பா பெயர், உறுதிமொழி ஆகியவற்றையும் நீக்கினால் ஐந்தாறு வரி மிச்சமாகும். அந்த இடம் அனுபவத்துக்குத் தேவை.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது பெயரில். ஃபாரம் "லாஸ்ட் நேம்" கேட்கும். நமக்கு இருப்பதோ இனிஷியல். ஒரு தளத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர், மூன்றாவதில் ஊர்ப் பெயர் என்று போட்டுவிட்டு, வேலை கிடைத்ததும் ஆதாரும் பிஎஃப் கணக்கும் ஒத்துப்போகாமல் அலைகிறார்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலும் உள்ளபடியே ரெஸ்யூமில் எழுதுங்கள். ஒற்றை எழுத்தை ஃபாரம் ஏற்காவிட்டால் இனிஷியலின் விரிவை எழுதி, எல்லாத் தளத்திலும் அதையே வையுங்கள்.

மாவட்டமும் அப்படித்தான். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. பழைய சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். அதனால் குழப்பம் இல்லை. முகவரியில் இப்போதைய மாவட்டத்தையும் பின்கோடையும் எழுதுங்கள். கதவு எண், தெருவெல்லாம் ரெஸ்யூமுக்கு வேண்டாம்.

இமெயில் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்காரர் இமெயிலில் பதிவு செய்து, இன்டர்வியூ அழைப்பு அவர் இன்பாக்ஸிலேயே கிடந்து வீணாவது அடிக்கடி நடக்கிறது.

இனி முக்கியமான வேலை. விளம்பரத்தை இரண்டு முறை படித்து, அதில் கேட்டிருக்கும் வேலைகளில் நீங்கள் உண்மையாகவே செய்தவற்றை அடிக்கோடிடுங்கள். அதே சொற்களை ரெஸ்யூமிலும் வையுங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் "புரொடக்‌ஷன் பார்த்துக்கொண்டேன்" என்று எழுதினால் அதில் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதினால் தெரியும்: "30 பேர் கொண்ட ஸ்டிச்சிங் லைன், ஷிப்டுக்கு 500 ஜோடி ஷூ அப்பர் (மேல்பகுதி), ஊசி மாற்றும் நேரத்தை முறைப்படுத்தியதில் ரீவொர்க் (திரும்பச் செய்யும் வேலை) 6 சதவீதத்திலிருந்து 3-க்கு இறங்கியது." எத்தனை பேர், எவ்வளவு, என்ன மாறியது, எதனால் மாறியது என்ற நான்கும் ஒரே வரியில் வந்துவிட்டன. (ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், அமைப்பு இதுவே.) பி.காம் முடித்துக் கணக்குப் பார்ப்பவர் "டேலி தெரியும்" என்பதோடு நிற்காமல், மாதம் எத்தனை இன்வாய்ஸ் போட்டார், ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்ற ஜிஎஸ்டி கணக்கு அறிக்கைகளைத் தானே தாக்கல் செய்தாரா, இ-வே பில் எடுத்தாரா என்று எழுதலாம். நர்ஸாக இருந்தால் எந்த வார்டு, எத்தனை படுக்கை, நர்ஸிங் கவுன்சில் பதிவு எண். எத்தனை, எவ்வளவு என்ற எண்ணிக்கை தெரியாவிட்டால் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள், கூட வேலை செய்தவரைக் கேளுங்கள், கற்பனையாகப் போடாதீர்கள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே அந்த எண்ணிலிருந்துதான் வரும்.

அனுபவம் இல்லாதவர்கள் படிப்பை மேலே வைத்து, அடுத்து இன்பிளான்ட் டிரெயினிங், அப்ரென்டிஸ், புராஜெக்ட் என்று எழுதட்டும். புராஜெக்டில் மற்ற மூன்று பேர் செய்ததை விட்டு நீங்கள் செய்த பகுதியை மட்டும் எழுதுங்கள். "ஹார்ட் வொர்க்கிங்", "குட் கம்யூனிகேஷன்" இரண்டும் எல்லார் ரெஸ்யூமிலும் இருக்கின்றன, எடுத்துவிடலாம்.

நௌக்ரி போன்ற வேலை தேடும் தளங்களில் ஃபைலை ஏற்றியதோடு விட்டுவிடாமல் புரொஃபைல் கட்டங்களையும் நிரப்புங்கள். "பிரிஃபர்டு லொகேஷன்" கட்டத்தில் வேலூர் மட்டும் போட்டால் சென்னை, ஓசூர், பெங்களூர் தேடல்களில் நீங்கள் தெரியாமல் போகலாம். போகத் தயார் என்றால் அந்த ஊர்களையும் சேருங்கள். நோட்டீஸ் பீரியடை (இப்போதைய வேலையை விட்டு வர எத்தனை நாள் ஆகும் என்பதை) உள்ளபடி எழுதுங்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் மத்திய அரசின் என்சிஎஸ் (நேஷனல் கேரியர் சர்வீஸ்) வேலைவாய்ப்புத் தளத்திலும் பதிவு செய்யக் கட்டணம் இல்லை; பதிவுக்கு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஃபைலுக்கு "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று வைக்காமல் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வையுங்கள். எந்தக் கம்பெனிக்கு எந்த ஃபைல், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இருபது நாள் கழித்துப் புது நம்பரிலிருந்து அழைத்து "நீங்க அப்ளை பண்ண வேலை விஷயமா பேசறோம்" என்பார்கள். எந்த வேலை என்று அந்த நோட்டைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்.