பிளஸ் டூ இல்லாமல் பட்டமா? சேரும் முன் ஒரு நிமிடம்

18 வயதானவர்கள் பட்டத்துக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு முடித்து, பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர வழி உண்டு. தமிழக அரசு வேலைதான் உங்கள் கனவு என்றால், தயவுசெய்து அந்த வழி வேண்டாம். பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையை 2009-இல் வந்த அரசாணை 107 கேட்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பில் கோப்பு திரும்பி வரும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. அதற்குள் மூன்று வருட உழைப்பு போய்விடும்.

பத்தாவது பாஸ் என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்ஐஓஎஸ்-இல், பிளஸ் டூவுக்குப் பதியுங்கள். ஐந்து பாடம், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடம். தேர்ச்சிக்கு 33 சதவீதம். பதிவு 5 ஆண்டு செல்லும், தேர்வெழுத 9 வாய்ப்பு உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு பாடம் எழுதினால் போதும். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து, செய்முறை இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும்.