மேட்டூர் அனல் மின் நிலையம்: ஒரு நாள் கரியும் புகையும் கணக்கிடுவது எப்படி

மேட்டூரின் பழைய மின் உற்பத்தி அலகுகள் நான்கும் தலா 210 மெகாவாட். ஓர் அலகு நாள் முழுக்க 75 சதவீதச் சுமையில் ஓடினால் 210 × 0.75 × 24 = 3,780 மெகாவாட் மணி, அதாவது 37.8 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு முக்கால் கிலோ நிலக்கரி என்று வைத்தால் 2,835 டன். உள்நாட்டுக் கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். கார்பன் டை ஆக்சைடு யூனிட்டுக்குச் சுமார் 1 கிலோ.

பலர் சறுக்குவது இங்கேதான்: பம்பு, காற்றாடி, கரி அரைக்கும் மில் எல்லாம் உற்பத்தியில் 8, 9 சதவீதத்தைத் தின்றுவிடும். அதைக் கழித்துவிட்டு, மீதமுள்ள யூனிட்டால் மொத்தக் கார்பன் டை ஆக்சைடை வகுத்தால்தான் வெளியே போகும் யூனிட்டின் உண்மையான புகைக்கணக்கு கிடைக்கும்.

குளிர்விப்புக் கோபுரத்து வெண்மேகம் நீராவி குளிர்ந்த வெறும் நீர்த்துளிகள், புகைபோக்கியைக் கவனியுங்கள். பழுப்புப் பட்டை கலையாமல் நீண்டால் தூசு பிடிக்கும் கருவியைச் சந்தேகிக்கலாம். மார்கழி விடியலில் தூசு தரையோடு தேங்கும்; காலையிலும் மதியத்திலும் தூசை அளந்து பாருங்கள்.