ப்லௌக்ரௌட் சொன்னால் நாக்கு ஏன் சிக்குகிறது?

ஜெர்மன் நாப்பிறழ் வரிகளைப் பழகும் நம்மவர்கள் முதல் நாளே வேகத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள். வேகம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒலி பிறக்கும் இடம் தப்பினால், மெதுவாகச் சொன்னாலும் நாக்கு சிக்கத்தான் செய்யும்.

'ப்லௌக்ரௌட் ப்லைப்ட் ப்லௌக்ரௌட் உன்ட் ப்ரௌட்க்லைட் ப்லைப்ட் ப்ரௌட்க்லைட்.' சிவப்பு முட்டைக்கோஸ் அதுவாகவே இருக்கும், கல்யாண உடையும் அதுவாகவே இருக்கும் என்று பொருள். (தென் ஜெர்மனியின் பவேரியாவில் ப்லௌக்ரௌட் என்கிற அதே கோஸ், வடக்கே ரோட்கோல்.) முதல் சொல்லில் ப்ல, க்ர. ப்ரௌட்க்லைட்டில் ப்ர, க்ல. நாம் ல, ர இரண்டையும் நுனிநாக்கிலேயே சொல்வதால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடுகிறது. பொது ஜெர்மனில் ர பிறப்பது தொண்டைப் பக்கம், உள்நாக்கு அருகே. நுனிநாக்கு சும்மா கிடக்கும், ல-வுக்கு மட்டும் எழும். வேலை இரண்டு இடங்களுக்குப் பிரிந்துவிடுவதால் வரி எளிதாகிறது. பவேரியாவில் நுனிநாக்கு ர சொல்பவர்கள் உண்டு, அது பிழையல்ல. ஆனாலும் புதிதாகப் பழகுபவருக்கு உள்நாக்கு ர-வையே சிபாரிசு செய்வேன்.

'ப்ளூ' என்று எழுதிப் பழகிய நமக்கு இங்கேயும் ள வந்துவிடும். நாக்கை மடிக்க வேண்டாம், ல போதும். 'உன்ட்' என்பதை 'வண்டி'யில் வருவது போல அழுத்துவதும் தவறு. எழுத்தில் கடைசியில் d இருந்தாலும் ஒலி t-தான். க்லைட் என்பதிலும் அப்படியே.

இன்னொரு நாப்பிறழ் வரியில் வரும் 'ஃப்ரிஷெ ஃபிஷெ' (புது மீன்கள்) என்பதை 'ஃபிரிஷெ' என்று இகரம் நுழைத்துச் சொன்னால் ஓர் அசை கூடி, தாளம் போய்விடும்.

ஆடுகளின் வரி எனக்கு மிகவும் பிடித்தது: 'ட்ஸேன் ட்ஸாமெ ட்ஸீகென் ட்ஸோகென் ட்ஸேன் ட்ஸென்ட்னர் ட்ஸுக்கர் ட்ஸும் ட்ஸோ.' 10 சாதுவான ஆடுகள் 10 ட்ஸென்ட்னர், அதாவது ஜெர்மன் கணக்கில் 500 கிலோ சர்க்கரையை மிருகக்காட்சி சாலைக்கு இழுத்துப் போயின. ஆங்கிலப் பழக்கத்தில் z-ஐ ஜ என்றோ ஸ என்றோ சொல்லிவிடுகிறோம்; ட்-டும் ஸ்-ஸும் ஒட்டிப் பிறக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, குறில் நெடிலைக் கவனிக்காதது. ட்ஸேன் நெடில், ட்ஸென்ட்னர் குறில். ஜெர்மனில் இரண்டிலும் e-தான்; ட்ஸேன் (zehn) என்பதில் அதை அடுத்து வரும் ஓசையற்ற h மட்டும்தான் நெடில் என்று காட்டும். அதைக் கவனிக்காவிட்டால் கண் ஏமாறும். அதனால் முதலில் ஜெர்மானியர் சொல்வதைக் கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் குறிலா நெடிலா என்று குறித்துக்கொண்டு, பிறகு வாயைத் திறங்கள்.