பிளஸ் டூ முடிப்பதற்குள் ஸ்காலர்ஷிப்புக்குத் தயாராவது எப்படி? இனிஷியலில் இருந்து ஆரம்பியுங்கள்

தம்பிக்கு மத்திய அரசு உதவித்தொகை 12,000 ரூபாய் போன வருடம் கணக்கில் ஏறியது. கேட்க ஒரு வரிதான். ஆனால் அதற்காக நான் வியாசர்பாடியில் இருந்து பேங்க், இ-சேவை, ஆதார் மையம், காலேஜ் ஆபீஸ் என்று அலைந்த அலைச்சலை இப்போதே எழுதி வைக்காவிட்டால், அடுத்த வருடம் சித்தி பையனுக்கும் நானே அலைய வேண்டியிருக்கும். அவனுக்கு லிங்கை அனுப்பிவிட்டுத் தப்பிக்கலாம் என்ற சுயநலத்தில் எழுதுவதுதான் இது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். காலேஜ் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். விண்ணப்பம் போடுவது காலேஜ் சேர்ந்த பிறகுதான், அது உண்மை. ஆனால் அட்மிஷன், ஃபீஸ், பஸ் பாஸ் என்று வீடே ஓடிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மாதத்தில் பேப்பர்களைச் சரிசெய்ய உட்கார்ந்தால் கடைசி தேதி போயே போய்விடும். பேப்பர் வேலை எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே முடிய வேண்டியது. ஓ.டி.பி. போடுவது, பாஸ்வேர்டு வைப்பது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும், அதை விட்டுவிடுகிறேன்.

எதற்கெல்லாம் போடலாம்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும் திட்டங்கள் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. என் தம்பி உதவி பெறும் பள்ளிதான், ஆனால் ஆங்கில வழி, அதனால் இல்லை. இதற்குக் காலேஜ் மூலமாகத்தான் பதிய வேண்டும், பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்திருக்கும் எமிஸ் நம்பரை டி.சி. வாங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருப்பது தெரிந்திருக்கும். அதில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டுகிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இன்ஜினியரிங், டிப்ளமோ சேரும் பெண்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி, ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை, வருமானம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிற வீடுகள் நமக்கெல்லாம் கிடைக்காது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

தம்பிக்குக் கிடைத்தது கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறைத் திட்டம். டிகிரி படிக்கும்போது ஆண்டுக்கு 12,000, வருமான வரம்பு 4.5 லட்சம், நாடு முழுக்க வருடத்துக்கு 82,000 பேருக்கு, அதில் பாதி பெண்களுக்கு. பிளஸ் டூவில் 80 பர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கேதான் எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை. பர்சன்டைல் வேறு, பர்சன்டேஜ் வேறு. உங்கள் போர்டில் உங்கள் பிரிவில் பாஸ் பண்ணியவர்களை மார்க் வரிசைப்படி நிற்க வைத்து, அந்த வரிசையை நூறு பேராகச் சுருக்கினால், 80 பேர் உங்களுக்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவுதான். இத்தனை மார்க் என்று ஒரே எண் கிடையாது, வருடத்துக்கு வருடம் மாறும். அப்புறம், வேறு உதவித்தொகையோ ஃபீஸ் சலுகையோ வாங்குகிறவர்கள் இதை வாங்க முடியாது. எது பெரிய தொகை என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பேர் ஒன்றுதான், எழுதியிருப்பது நாலு விதம்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் பிரச்சினை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அந்த இனிஷியலை ஒவ்வொரு ஆபீஸும் தன் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருக்கும். கார்த்திக் என்று ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட்டில் பேருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் பேருக்கு முன்னால். பாஸ்புக்கில் இனிஷியலை விரித்து அப்பா பேர் முழுசாக. சாதிச் சான்றிதழில் கார்த்திக்கின் ஆங்கில எழுத்தில் கூடுதலாக ஒரு 'சி'. நமக்கு எல்லாம் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு நாலு ஆள்.

என் சட்டம் இதுதான்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பேர், மற்ற எல்லாவற்றையும் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றுங்கள். மார்க் ஷீட்டை மாற்றுவது தேர்வுத் துறை வரை போகிற வேலை, ஆதாரை மாற்றுவது ஒரு காலை நேர வேலை. ஆனால் ஆதாரில் பேரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் மையத்தில் ஆபரேட்டர் அடித்து முடித்ததும் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள், பின்னால் நிற்கிறவர் முனகினால் முனகட்டும். போனதுதான் போனீர்கள், 15 வயதில் செய்ய வேண்டிய கட்டாய பயோமெட்ரிக் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன வயசு முகமும் ரேகையும் அப்படியே இருந்தால் பின்னால் முகத்தைக் காட்டிப் பதியும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஆதாருடன் இருக்கும் போன் நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அது அப்பா 2019இல் தொலைத்த சிம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு இன்னும் எழுதாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால், பள்ளியில் தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியலான நாமினல் ரோலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்களே, அப்போதே இனிஷியலைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இ-சேவை

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றும் இ-சேவை மையத்தில் போடலாம், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். நெட்டில் நீங்களே லாகின் செய்தும் போடலாம், நான் அதைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது. முதல் தடவை அவசரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தேன், அந்த அண்ணன் வேகமாக முடித்துக் கொடுத்தார், ஆனால் போன் நம்பர் கட்டத்தில் அவர் நம்பரைப் போட்டுவிட்டார். தாலுகா ஆபீஸில் ஆவணம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிய மெசேஜ் அவருக்குப் போனது. ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வருகிறவருக்கு எங்கள் மெசேஜ் எம்மாத்திரம்? பதினைந்து நாள் போச்சு.

சாதிச் சான்றிதழ் ஒரு தடவை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படியில்லை, ஒரு வருடம்தான் செல்லும், அதனால் அதை மட்டும் பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் போடுங்கள். ஆண்டு வருமானம் கேட்கும் கட்டத்தில் மாத வருமானத்தைப் போட்டுவிடாதீர்கள், இதைச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் பட்டதாரி சான்றிதழ் பற்றி ஒன்று. வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாருமே டிகிரி முடித்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் டியூஷன் ஃபீஸ் சலுகையை அனுபவித்துவிட்டேன், ஆகவே தம்பிக்குக் கிடையாது. "நீ படிச்சதுக்கு நான் காசு கட்டணுமா?" என்று கேட்டான். பாதி அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இவ்வளவு அலைந்தேன்.

ஸ்கேன் செய்ய கடைக்கு ஓட வேண்டாம். கூகுள் டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் இருக்கிறது, பி.டி.எஃப். ஆகவே வந்துவிடும். 200 கேபிக்குள் கேட்பார்கள், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அளவு குறையும். பத்து, பிளஸ் டூ மார்க் ஷீட் டிஜிலாக்கரில் கிடைக்கும். மற்றபடி எக்செல் ஷீட், டிராக்கர் ஆப் எதுவும் எனக்கு ஒத்து வரவில்லை. ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு ஸ்காலர்ஷிப், அப்ளிகேஷன் நம்பர், பாஸ்வேர்டு, யாரிடம் எப்போது பேசினோம் என்பது. அந்த நோட்டு இன்னும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

பேங்க்: நான் விழுந்த குழி

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

தம்பி அப்ளிகேஷன் எல்லா மட்டத்திலும் ஓகே ஆகிவிட்டது. பணம் அனுப்பியாச்சு என்றும் காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒன்றும் ஏறவில்லை. பேங்கில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு" என்று அடித்துச் சொல்கிறார்கள். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை.

லிங்க் வேறு, சீடிங் வேறு. உங்கள் கணக்கோடு ஆதார் நம்பரைச் சேர்த்து வைப்பது லிங்க். அரசுப் பணம் ஆதார் நம்பரை வைத்து வரும்போது எந்த பேங்குக்குப் போக வேண்டும் என்று பேங்குகளுக்கு நடுவே பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் என்.பி.சி.ஐ. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் உங்கள் பேங்க் இருப்பது சீடிங். ஐந்து பேங்கில் லிங்க் இருக்கலாம். பட்டியலில் ஒரே ஒரு பேங்க்தான் இருக்க முடியும், கடைசியாகப் போய் ஏறியது எதுவோ அது. அப்ளிகேஷனில் நீங்கள் எந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

தம்பிக்கு என்ன ஆனது என்றால், ஒரு தடவை சிம் வாங்கப் போன கடையில் "காசு இல்ல தம்பி, ஃப்ரீதான்" என்று விரல் ரேகை வாங்கி ஒரு பேமெண்ட் பேங்க் கணக்கும் சேர்த்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்த சிம்மையே அவன் தூக்கிப் போட்டுவிட்டான். 12,000 ரூபாய் அந்தக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது. பணத்தை எடுத்துவிட்டோம், அது தனிக் கதை.

நீங்கள் செய்ய வேண்டியது: மைஆதார் இணையதளத்தில் லாகின் செய்து பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்பதைத் திறங்கள். எந்த பேங்க், ஆக்டிவா இல்லையா என்று வரும். நீங்கள் நினைத்த பேங்க் வந்தால் சரி. இல்லையென்றால் உங்கள் கிளைக்குப் போய் "ஆதார் லிங்க்" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் ஆகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். "டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. சீடிங் ஃபார்ம்" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள் (டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வருவது). ஏற்கெனவே வேறு பேங்கில் சீட் ஆகியிருந்தால் ஃபார்மில் அந்தப் பழைய பேங்க் பேரை எழுதும் இடம் இருக்கும், அதை விடாதீர்கள். என்.பி.சி.ஐ. இணையதளத்திலேயே ஆன்லைனில் மாற்றும் வசதியும் இருக்கிறது, ஆனால் எல்லா பேங்கும் அதில் இல்லை. சில நாள் கழித்து மறுபடி ஸ்டேட்டஸ் பாருங்கள். கணக்கு மாணவர் பேரில்தான் இருக்க வேண்டும். அம்மா கணக்கு வேண்டாம், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கிளையாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

ஃபார்ம்

இது உண்மையில் சின்ன வேலை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு. ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டி 14 இலக்க எண் வாங்க வேண்டும், படிப்பு முடியும் வரை அதே எண்தான். இரவில் டியூப் லைட்டுக்கு அடியில் ஆறு முறை ஃபெயில் ஆகி, காலையில் மொட்டை மாடியில் ஒரே தடவையில் ஓகே ஆனது. பிறகு ஃபார்மில் காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது மாவட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், சென்னையில் ஒரே மாதிரிப் பேர் கொண்ட காலேஜ்கள் நிறைய.

சப்மிட் அழுத்தியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அங்கேதான் நிறையப் பேருக்கு ஸ்காலர்ஷிப் கைநழுவிப் போகிறது. உங்கள் காலேஜில் இதற்கென்று ஒரு நோடல் ஆபீசர் இருப்பார். அவர் லாகின் செய்து வெரிஃபை பண்ணினால்தான் அது மேலே நகரும், அதற்குத் தனியாக ஒரு கடைசி தேதியும் உண்டு. ஃபார்மை பிரிண்ட் எடுத்து, எல்லா ஜெராக்ஸையும் சேர்த்து அவர் கையிலேயே கொடுங்கள். தம்பி ஆபீஸ் ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தான், மூன்று வாரம் கழித்து அது அதே ஜன்னலில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. வாரம் ஒரு முறை ஸ்டேட்டஸ் பாருங்கள். டிஃபெக்ட் என்று திரும்பி வந்தால் திருத்த சில நாட்கள்தான் தருவார்கள்.

தனியார் உதவிகளில் அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டத்தை அரசுப் பள்ளி மாணவர்கள் கட்டாயம் பாருங்கள். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் கொடுப்பது படிப்புக்காலம் முழுக்கச் சேர்த்து 2 லட்சம் வரை, அதற்கு ஆன்லைனில் ஒரு திறனறித் தேர்வு எழுத வேண்டும். பிராசசிங் ஃபீஸ் 500 கட்டு என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் பிளாக் செய்யுங்கள், ஸ்காலர்ஷிப் கொடுக்கிறவன் உங்களிடம் காசு கேட்க மாட்டான்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒரு தங்கை கேட்டாள், அவளுக்கு இன்னும் 18 ஆகவில்லை, கணக்கு மைனர் கணக்கு. சீடிங் ஆகும். ஆனால் 18 முடிந்ததும் பேங்கில் கே.ஒய்.சி. என்ற அடையாள விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும், அந்தச் சமயத்தில் பணம் வந்தால் திரும்பிப் போகும். பிறந்தநாள் அன்றே போய்விடுங்கள், கேக் அப்புறம்.

அப்பா இல்லாத வீட்டில் வருமானச் சான்றிதழ் அம்மா பேரில் வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வாங்கலாம்.

இரண்டாம் வருடப் பணம் தானாக வராது. ரினியூவல் போட வேண்டும், 50 சதவீத மார்க்கும் 75 சதவீத அட்டென்டன்ஸும் இருக்க வேண்டும். தம்பிக்கு மார்க் பிரச்சினை இல்லை. அட்டென்டன்ஸ் 76.

நேற்று சித்தி பையன் ஆதாரை வாங்கிப் பார்த்தேன். இனிஷியலே இல்லை. சனிக்கிழமை காலை மையத்துக்குக் கூட்டிப் போகிறேன்.