இப்னு சீனாவின் ‘மிதக்கும் மனிதன்’: வாதத்தை வாசிக்கும் முறை

மனிதனின் ‘நான்’ உடலிலிருந்து வேறானது என்று சுட்ட, பாரசீகத் தத்துவவாதி இப்னு சீனா அமைத்த கற்பனைச் சோதனைதான் ‘மிதக்கும் மனிதன்’. அதை வாசிக்கும்போது, உயிர், ஆன்மா, மனம் என்று மூன்று சொற்கள் தமிழில் கையருகே இருப்பதுதான் முதல் இடறல். இப்னு சீனாவை (980–1037) எடுக்கும்போது அவற்றை ஒதுக்கிவிட்டு நஃப்ஸ், ரூஹ் என்ற அரபுச் சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உளவியலில் ரூஹ் என்பது இதயத்தில் உருவாகி மூளைக்குச் செல்லும் நுண்ணிய ஆவி. அதுவும் ஒரு பருப்பொருள்தான். உடலல்லாதது மனிதனின் பகுத்தறியும் நஃப்ஸ். இரண்டையும் ‘ஆன்மா’ என்றே எழுதினால் எல்லாம் குழம்பும்.

அடுத்து அவருடைய ‘ஷிஃபா’ என்ற நூலில் நஃப்ஸ் பகுதியின் முதல் கட்டுரை, முதல் அத்தியாய முடிவுக்குப் போங்கள். ஒருவன் ஒரே கணத்தில் முழு வளர்ச்சியோடு படைக்கப்படுகிறான். பார்வை மறைக்கப்பட்டிருக்கிறது. காற்றின் உரசல்கூடத் தெரியாமல் வெற்றுவெளியில் மிதக்கிறான். கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. ஒரு நிபந்தனையையும் விடாதீர்கள். ‘ஒரே கணத்தில்’ என்பது பழைய நினைவுகளை அடைக்கிறது. பிரிந்த கைகால்கள் தொடு உணர்வை அடைக்கின்றன. அவன் ‘நான் இருக்கிறேன்’ என்பதை அறிவானா? அறிவான், ஆனால் கையையோ இதயத்தையோ மூளையையோ அறியமாட்டான் என்கிறார் இப்னு சீனா.

இங்கே நிறுத்துங்கள். ‘ஆகவே நஃப்ஸ் உடலல்ல’ என்று உடனே எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. விடிவெள்ளியை அறிந்த ஒருவருக்கு, மாலை வானில் தெரிவதும் அதே கோள்தான் என்று தெரியாமல் இருக்கலாம். அதனால் வெள்ளி இரண்டாகிவிடாது. இப்னு சீனாவும் இதை முழு நிரூபணமாக வைக்கவில்லை. உண்மையைத் தானே காணக்கூடியவருக்கான சுட்டிக்காட்டல் என்கிறார். நிரூபணம் அதே பகுதியின் ஐந்தாம் கட்டுரை, இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது: பகுக்க முடியாத பொதுக்கருத்து (‘மனிதன்’ என்பதுபோலப் பலருக்கும் பொருந்தும் கருத்து), பகுபடும் உடலில் தங்க முடியாது. அவரை மறுப்பவர் மோத வேண்டிய இடம் அதுதான்.

பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் ‘தியானங்கள்’ (1641) நூலோடு ஒப்பிடும்போது அவசரப்படாதீர்கள். தெகார்த் ஐயத்தில் தொடங்கி, ‘சிந்திக்கிறேன்’ என்ற செயலைப் பிடித்து ‘நான்’ என்பதை அடைகிறார். மிதக்கும் மனிதன் எதையும் ஐயுறவில்லை. ‘என் செயல்’ என்று சொல்லும்போதே ‘நான்’ முன்னால் வந்துவிடுகிறது. எனவே செயலிலிருந்து தன்னை அனுமானிக்க முடியாது என்று ‘இஷாராத்’ என்ற தன் இன்னொரு நூலில் இப்னு சீனா எழுதுகிறார். என் பார்வையில் வாதத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது. அவசர ஒப்பீட்டில் முதலில் காணாமல் போவதும் இதுவே.

தற்கால விவாதத்துக்கு, தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் முன்வைத்த ‘ஸாம்பி’ (1996) என்ற கற்பனை மனிதன் பொருத்தமான இணை. அங்கே உடல் இருக்கிறது, உணர்வனுபவம் இல்லை. இங்கே தன்னுணர்வு இருக்கிறது, உடலுணர்வு இல்லை. இரண்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கற்பனை செய்ய முடிவதாலேயே ஒன்று சாத்தியமாகிவிடுமா?

‘இஸ்லாமியத் தத்துவத்தின் நிலைப்பாடு’ என்று ஒருமையில் எழுதாதீர்கள். நஃப்ஸ் உடலோடு சேர்ந்தே தோன்றுகிறது, ஆனால் உடலிலிருந்து தோன்றுவதில்லை என்பது இப்னு சீனாவின் நிலை. அவருக்குப் பின் வந்த இறையியலாளர் கஸ்ஸாலி, நஃப்ஸ் தனித்து நிற்கும் பொருள் என்பதை அறிவால் மட்டும் நிறுவ முடியாது என்றுதான் தத்துவவாதிகளை மறுத்தார். பிற்காலப் பாரசீகத் தத்துவவாதி முல்லா ஸத்ராவோ, நஃப்ஸ் தோற்றத்தில் உடல் சார்ந்தது, நிலைபேற்றில் ஆன்மிகமானது என்றார். இம்மூவருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கிக் குறிப்பெடுங்கள்.