சிறிய இசைத்தட்டு நிறுவனமொன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி?

நியூயோர்க்கில் இயங்கிய ஒரு ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாற்றை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே எழுத முடியும். ஆனால், நிறுவியவர்களைப் பற்றிய புகழுரைகளைப் பின்னுக்கு வைத்துவிட்டுத் தட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஏனெனில் சிறிய நிறுவனங்கள் ஆவணக்காப்பகம் வைத்திருப்பது அரிது, அவை விட்டுச்சென்ற நம்பகமான சான்று பெரும்பாலும் தட்டே. புளூ நோட் நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத ஆண்டுகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அல்ஃபிரட் லயன், 1938 டிசம்பரில் கார்னகி மண்டபத்தில் நடந்த இசைநிகழ்ச்சியில் அல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்னும் இரு பியானோ கலைஞர்களைக் கேட்டு, 1939 ஜனவரி 6 இல் அவர்களை ஒலிப்பதிவு செய்து புளூ நோட்டைத் தொடங்கினார். தொடக்க முதலீட்டுக்கு மக்ஸ் மார்குலிஸ் உதவினார். அவ்வாண்டின் இறுதியில் லயனின் நண்பர் பிரான்சிஸ் வுல்ஃப் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்து சேர்ந்தார். 1960களின் நடுப்பகுதியில் நிறுவனம் லிபர்ட்டி என்னும் மற்றோர் இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1967 இல் லயன் ஓய்வுபெற்றார். எலும்புக்கூட்டுக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது தட்டை வாசிப்பது. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. நடுவில் ஒட்டிய லேபிளில் உள்ள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். லெக்சிங்டன் அவெனியூ 767 என்றிருந்தால், அந்த லேபிள் மேற்கு 63 ஆம் தெரு 47 என்ற முகவரி கொண்டதைவிட முந்தியது. இந்த மாற்றம் 1957 ஐ ஒட்டி நிகழ்ந்தது. ஆனால் சிக்கனமான நிறுவனங்கள் மிஞ்சிய பழைய லேபிள்களை வீசுவதில்லை. ஒரே தட்டின் இரு பக்கங்களிலும் இரு முகவரிகள் இருப்பதும் உண்டு. ஆகவே அச்சிட்ட காலத்தை முகவரியை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒலிவரி முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்று வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் கீறிய எழுத்துகள் தென்படும். அங்கு ‘ஆர்விஜி’ (RVG) என்றிருந்தால் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் கைப்பட்டது என்று பொருள். 1953 முதல் இந்நிறுவனத்துக்காகப் பதிவு செய்த அவர், 1959 வரை நியூ ஜெர்சி மாநிலத்து ஹக்கென்சாக்கில் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே கலையகமாகக் கொண்டிருந்தார். காது போன்ற ஒரு குறி இருந்தால், நிறுவனம் லிபர்ட்டிக்கு விற்கப்படுவதற்கு முந்திய காலத்தில் பிளாஸ்டிலைட் தொழிற்சாலை அச்சிட்டது.

பதிவான நாளையும் வெளியான நாளையும் ஒருபோதும் ஒன்றாக்காதீர்கள். சாக்சபோன் கலைஞர் டீனா புரூக்ஸ் புளூ நோட்டுக்காகத் தலைமையேற்றுப் பதிவு செய்தவற்றில் ஒரேயொரு தட்டுத்தான் அவர் உயிரோடிருக்கையில் வெளிவந்தது. வெளியீட்டுப் பட்டியலை மட்டும் நம்பி எழுதுபவர், இத்தகைய ஒருவரைச் சிறிய கலைஞராகவே கணக்கிட்டுவிடுவார்.

பிறகு பணத்தின் வழியைத் தேடுங்கள்; இசை எழுத்தாளர்கள் பொதுவாக இதைத் தவிர்த்துவிடுகிறார்கள், அது பெரும் குறையென்பது என் கருத்து. ஒத்திகைக்கும் கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்தமை புளூ நோட்டின் சிறப்பு. மறுபுறம், 1964 இல் வெளியான, ட்ரம்பெட் கலைஞர் லீ மோர்கனின் ‘தி சைட்வைண்டர்’ தட்டு போன்ற ஒன்று எதிர்பாராமல் ஓடத் தொடங்கினால், மீண்டும் அச்சிடும் செலவை உடனே கொடுக்க வேண்டும், விநியோகத்தரின் பணமோ தாமதித்தே வரும். வெற்றியே சிறிய நிறுவனத்தை நெருக்கும் இந்த முரணை விளக்காமல் விற்பனையை விளக்க முடியாது.

பயிற்சிக்கு உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் நாதஸ்வரத் தட்டுகளே போதுமானவை; பெரிய நிறுவனத் தட்டுகளானாலும் பட்டியல் எண், பதிவு எண், லேபிளின் நிறம் ஆகியவற்றைக் குறிக்கும் முறை ஒன்றுதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், பின்னர் வந்த எல்.பி. தட்டுகளுக்கான ஊசியால் இயக்கவும் கூடாது. படுக்க வைத்து அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். இரு பக்க லேபிள்களையும் வளையக் கீறல்களையும் படம்பிடித்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமியுங்கள்; 1981 இல் நூலகம் எரிந்த ஊரில் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. உரிமையாளரின் அனுமதி கிடைத்தால், ‘நூலகம்’ நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்திடமும் ஒரு படியை ஒப்படைக்கலாம்.